ஈரக் கைக்கு ஒரு போன்

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.
18-6-2025

இளம்பரிதிக்கு,

உன் அக்கா கலையரசி எழுதறது. நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் கடுதாசி ஆரம்பிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. மூணு வருஷமா உங்கிட்ட ஒரு வார்த்த பேசாதவ இப்ப அதக் கேட்டா எனக்கே நல்லா இல்ல. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எனக்கு ஒரு போன் வாங்கணும்.

சுடர்விழிக்குக் காரைக்கால்ல நர்சிங் கெடச்சிருக்கு. ஆகஸ்ட்ல ஹாஸ்டலுக்குப் போறா. என் மீன் ஏவாரம் முழுக்க இப்ப அவ போன்லதான் ஓடுது. கூடையத் தலையில வெச்சுத் தெருத் தெருவா போறத நான் விட்டுட்டேன், முட்டி ஒத்துக்கல. காலையில தேங்காய்த்திட்டு ஏலத்துல எடுக்கற மீன அவ போட்டோ புடிச்சு வாட்ஸப் குரூப்புல போடுவா. ரெட்டியார்பாளையம், உழவர்கரை பக்கம் நாப்பத்திரண்டு வீடு இருக்கு அதுல. யாருக்கு என்ன வேணும்னு எழுதுவாங்க. நான் ஆட்டோவுல எடுத்துட்டுப் போயிக் குடுத்துட்டு வருவேன். அவ போனா அவ போனும் போயிடும்.

கடையில கேட்டா ஒவ்வொருத்தன் ஒண்ணு சொல்றான். இருபதாயிரத்துக்குள்ள முப்பது போன் அடுக்கி வெச்சிருக்கான். எல்லா டப்பாவுலயும் பெரிய பெரிய நம்பரா எழுதியிருக்கு. சுடர்விழி ஒரு வீடியோ பாத்துட்டு இதுதாம்மாங்கறா. மறுநாள் வேற வீடியோ பாத்துட்டு அது வேணாம்மாங்கறா. நம்ம குடும்பத்துல போன் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். பன்னெண்டு வருஷம் உழவர்கரை கடையில உக்காந்து அதத்தான் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுன. வேற யாரக் கேக்கறது.

வண்டி ஓட்டிக்கிட்டே நீ போன் எடுத்ததாலதான் உன் மாமா போனாரு. முன்னால போன லாரிக்காரன் பிரேக் போட்டத நீ பாக்கல. பின்னால உக்காந்திருந்தவரு போயிட்டாரு, முன்னால உக்காந்த நீ இருக்க. அத மறந்துட்டு நான் எழுதல. ஆனா போன் விஷயத்துல நீ யாருக்கும் பொய் சொன்னதில்ல. முதலாளி விக்கச் சொன்னத வாங்காதீங்கன்னு சொல்லி அவருகிட்ட ஏச்சு வாங்குனவன் நீ. அது எனக்குத் தெரியும்.

இருபதுக்கு மேல முடியாது. ஒருதடவ வாங்குனா அஞ்சு வருஷம் ஓடணும். குடுக்கற காசுக்கு எது ஒழைக்கும்னு எழுது.

ஜெயில்ல படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்களாம். படிக்கட்டும். போன் பத்தித்தான் எழுதியிருக்கேன்.

கலையரசி


காலாப்பட்டு
26-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இளம்பரிதி எழுதுவது.

உன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. இங்கே அலுவலகத்தில் பிரித்துத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தாளை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது. வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

சுடர்விழி நர்சிங் படிக்கப் போவது சந்தோஷம். நான் சந்தோஷப்பட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம். நீ மட்டும் தெரிந்து வைத்துக்கொள்.

நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூட நான் மறுப்பதற்கு இல்லை.

போன் விஷயம். நான் உள்ளே வந்து பதினாறு மாதம் ஆகிறது. நான் கடையில் பார்த்த மாடல் எல்லாம் இந்நேரம் பழசாகியிருக்கும். பெயர் சொல்லி இதை வாங்கு என்றால் அது நான் சொல்கிற முதல் பொய்யாகிவிடும். எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

எந்த போன் நல்லது என்று கடையில் கேட்பார்கள். யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். உன் கை எப்போதும் ஈரம். நிற்பது வெயிலில். சுற்றிலும் ஏலக் கூச்சல். விடியற்காலை கிளம்பினால் மத்தியானம் வரைக்கும் சார்ஜ் போட வழியில்லை. எடுக்கப் போகிற படம் மீன். இத்தனைக்கும் எது தாங்குமோ அதுதான் உனக்கு நல்ல போன். மெகாபிக்சலை மறந்துவிடு. டப்பாவில் அதைத்தான் பெரிதாக எழுதுவார்கள், அதை எழுதுவதற்கு அவர்களுக்குச் செலவு குறைவு.

கடைக்குப் போகும்போது ஒரு டப்பாவில் உப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போ. விரலை நனைத்துத் திரையில் தேய்த்துப் பார். சில போன் ஈரம் பட்டால் பேய் பிடித்த மாதிரி அதுவாகவே திறந்து மூடும். அப்புறம் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார். கடைக்குள் எல்லாத் திரையும் அழகுதான். வெளியே கொடுக்க மாட்டோம் என்றால் அந்தக் கடை வேண்டாம். டப்பாவில் ஐ.பி. என்று போட்டு ஒரு எண் இருக்கும். அதில் கடைசி இலக்கம் தண்ணீருக்கு. நாலு என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், எட்டு என்றால் தண்ணீருக்குள் விழுந்தாலும் தாங்கும். அதுவும் நல்ல தண்ணீருக்குத்தான். கடல் தண்ணீருக்கு எந்தக் கம்பெனியும் வாக்குக் கொடுக்காது. எதை வாங்கினாலும் ஏலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருதரம் துடைத்துவிடு.

எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கட்டாயம் கேள். அது நின்றுபோனால் பணம் வாங்குகிற ஆப் ஒருநாள் திறக்காது. பழுது பார்க்கிற இடம் பாண்டியிலேயே இருக்கிறதா என்றும் கேள்.

மூன்று போனுக்கு மேல் பார்க்காதே. நாலாவதைப் பார்த்தால் முதலில் பார்த்தது மறந்துபோகும்.

பதில் போட்டால் சந்தோஷம். போடாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

உன் தம்பி,
இளம்பரிதி


வைத்திக்குப்பம்
7-7-2025

பரிதிக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. சுடர்விழிதான் போஸ்ட்மேன்கிட்ட வாங்குனா. யாருதுன்னு தெரிஞ்சதும் மேசைமேல போட்டுட்டுப் போயிட்டா. சாயங்காலம் நான் மீன் கழுவிட்டு வந்து பாக்கறேன், நின்னுகிட்டே படிச்சுக்கிட்டிருக்கா. படிச்சுட்டு, இந்த ஈரக்கை விஷயத்த எந்த வீடியோலயும் சொல்லலியேம்மான்னா.

நேத்து ரெண்டு பேரும் நேரு வீதிக்குப் போனோம். உப்புத் தண்ணி எதுக்குன்னு கிழங்கான் மீன் கழுவுன தண்ணியவே ஒரு டப்பாவுல ஊத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். மூடியத் தெறந்ததும் பக்கத்துல நின்ன ஜனமெல்லாம் தள்ளிப் போயிடுச்சு. கடைப் பொண்ணு நிர்மலான்னு பேரு, மூக்கப் பொத்திக்காம நின்னுச்சு. அதுக்காகவே அந்தக் கடையில வாங்கலாம்னு தோணுச்சு.

பேரெல்லாம் எனக்கு வாயில நிக்கல. கலர வெச்சுச் சொல்றேன். நீலம் பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம். பச்சை பதினேழாயிரத்து ஐந்நூறு. கறுப்பு சரியா இருபதுக்கு ஒரு ரூபா கம்மி.

நீலத்துலதான் கேமரா நம்பர் பெரிசு, சுடர்விழிக்கு அதுமேல ஆச. நான் ஈர விரல வெச்சதும் அது பாட்டுக்கு லைட்டப் போடுது, பாட்டப் போடுது, நிறுத்தவே முடியல. நிர்மலா தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டு அது அப்பிடித்தான்க்கான்னு உள்ள வெச்சிடுச்சு. பச்சை ரெண்டு வாட்டி தடுமாறுச்சு, அப்புறம் சொன்னபடி கேட்டுது. கறுப்பு மட்டும் காஞ்ச கைக்கும் ஈரக் கைக்கும் ஒரே மாதிரி வேல செஞ்சுது. வெயில்லயும் அப்பிடித்தான். நீலம் வாசல்ல கொண்டு போனதும் தோசக்கல்லு மாதிரி கருத்துப் போச்சு, என் மூஞ்சிதான் தெரியுது. மத்த ரெண்டும் தெளிவா இருந்துச்சு.

நீ சொன்ன கடைசி நம்பரு பச்சைக்கு நாலு, கறுப்புக்கு எட்டு. பச்சைக்கு நாலு வருஷம் அப்டேட்டாம், கறுப்புக்கு ஆறு. ரெண்டுக்கும் பாண்டியிலயே ரிப்பேர் கடை இருக்கு. பேட்டரி ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டாயிரத்து ஐந்நூறு வித்தியாசம். ஹாஸ்டலுக்குப் பொட்டி படுக்கையெல்லாம் வாங்கணும், அந்தக் காசு எனக்குப் பெருசு. அது பெறுமா பெறாதான்னு நீ சொல்லு.

மேனேஜரு தரையில சிந்துன தண்ணியப் பாத்துட்டு, இனிமே தண்ணி கொண்டாராதீங்கம்மான்னு கையெடுத்துக் கும்புட்டாரு.

அங்க சோத்துக்கு மீன் ஏதாவது போடறாங்களா?

கலையரசி


காலாப்பட்டு
16-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிழங்கான் கழுவின தண்ணீரை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். என்கூட இருக்கிறவர்களுக்கும் படித்துக் காட்டினேன். மன்னித்துக்கொள்.

மீன் போடுவதில்லை. நீ கேட்டதே போதும்.

ரெண்டாயிரத்து ஐந்நூறு அஞ்சு வருஷத்துக்கு என்று பார்த்தால் பெரிதில்லை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. இன்னும் இரண்டு சோதனை பாக்கி இருக்கிறது. ஒன்று, கையோடு ஒரு மீனைக் கொண்டுபோய் இரண்டு போனிலும் படம் எடு. படத்தையும் மீனையும் பக்கத்தில் வைத்துப் பார். இந்த விலையில் வருகிற கேமராக்கள் கண்ணுக்குப் பிடிக்கட்டும் என்று கலரை ஏற்றிக் காட்டும். பூ விற்கிறவர்களுக்கு அது சரி. உனக்குச் சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பேசிப் பார்ப்பது. ஆயிரம் வசதி இருந்தாலும் போன் பேசத்தானே. தெருவில் நின்று யாரையாவது கூப்பிட்டு, ஹாரன் சத்தத்தில் அவர்கள் குரல் உனக்குக் கேட்கிறதா, உன் குரல் அவர்களுக்குக் கேட்கிறதா என்று பார். அதில் எது நன்றாக இருக்கிறதோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் வாங்கினால் கொஞ்சம் குறைப்பார்கள்.

இன்னொன்று. நவம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை என்னை விடுகிறார்கள். சென்னையில் இராமதாஸ் என்று ஒருவர், இங்கே இருந்து போனவர், ஏ.சி. ரிப்பேர் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். காலாப்பட்டிலேயே பஸ் ஏறிவிடுவேன். ஊருக்குள் வர மாட்டேன். நீயோ சுடர்விழியோ என் முகத்தில் விழிக்க வேண்டியிருக்காது. அந்தக் கவலை உனக்கு இருந்தால் விட்டுவிடு.

உன் தம்பி,
இளம்பரிதி


வைத்திக்குப்பம்
5-8-2025

பரிதிக்கு,

போன் இன்னும் வாங்கல. ஏன்னு கடைசியில சொல்றேன்.

நீ ஒரு மீன் கொண்டு போகச் சொன்ன. நான் ரெண்டு கொண்டு போனேன். ரெண்டும் பாறை மீனு. ஒண்ணு அன்னிக்குக் காலையில எடுத்தது, ஒண்ணு முந்தாநாள் மிஞ்சி ஐஸ்ல கெடந்தது. செவுளத் தூக்கிப் பாத்தா எனக்குத் தெரியும், ஒண்ணு ரத்தச் செவப்பு, இன்னொண்ணு செங்கல் கலரு. நிர்மலா கடை வாசல்ல பேப்பர் விரிச்சுக் குடுத்துச்சு. மேனேஜரு பாத்தும் பாக்காத மாதிரி உள்ள போயிட்டாரு.

பச்சையில எடுத்தா ரெண்டு மீனும் இப்பத்தான் வலையிலேந்து எடுத்த மாதிரி இருக்கு. பழசோட செவுளு புதுச விடச் செவப்பா வந்திருக்கு. கறுப்புல எடுத்தா புதுசு புதுசா இருக்கு, பழசு பழசா இருக்கு. மத்தவங்கல்லாம் பச்சையத்தாம்மா வாங்குவாங்கன்னு சுடர்விழி சொன்னா. எனக்குக் கறுப்புதான்னுட்டேன். ரெட்டியார்பாளையத்துல ராஜாம்பாள் அம்மா இருக்காங்க, சொல்தா வீடு, வீட்டுக்காரரு பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து இப்ப பென்ஷன் வருது. போன மாசம் மீனக் கையில வாங்கிப் பாத்துட்டு, போட்டோல செவப்பா இருந்துச்சே கலையரசின்னாங்க. அவ்வளவுதான். திட்டல, காசும் குடுத்துட்டாங்க. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. சுடர்விழி போனும் பச்சை மாதிரி ஏத்திக் காட்டற போனுதான்னு இப்பத்தான் புரியுது.

அப்புறம் பேசிப் பாக்கறதுக்கு நிர்மலா அதோட சிம் கார்டக் கறுப்புல போட்டுக் குடுத்துச்சு. சுடர்விழி தெருவத் தாண்டி எதிர்ப்பக்கம் போயி நின்னுகிட்டா, கூப்புடும்மான்னு கையக் காட்டறா. அவ நம்பர நிர்மலா போட்டுக் குடுத்துடுச்சு. நான் அந்தப் பொத்தான அழுத்தணும், அவ்வளவுதான்.

விரலு போகல பரிதி. போன நிர்மலா கையில குடுத்துட்டு, தல சுத்துதுன்னு சொல்லி வீட்டுக்கு வந்துட்டேன்.

மூணு வருஷமா நான் யாரையும் போன்ல கூப்புட்டதில்ல. வந்தா எடுப்பேன். நானா போட்டதில்ல. அம்மாவுக்கு போன் போடத் தெரியாதுன்னு சுடர்விழி நெனச்சுக்கிட்டிருக்கா.

அன்னிக்குக் கூப்புட்டது நான். உனக்குத் தெரியும். படகு எஞ்சினுக்குச் சாமான் வாங்க ரெண்டு பேரும் கடலூர் போயிருந்தீங்க. மெக்கானிக்கு பதினோரு மணிக்கே வந்து கரையில உக்காந்துகிட்டான், போயிடுவேன் போயிடுவேன்னான். உன் மாமா போன வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு. அதனால உனக்குப் போட்டேன். எங்க வர்றீங்கன்னு கேட்டேன். நீ ஏதோ சொல்ல ஆரம்பிச்ச. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டுது. அத நான் காதால கேட்டேன்.

கோர்ட்டுலேந்து எனக்கு ஆள் வரும், யாரு கூப்புட்டதுன்னு கேப்பாங்கன்னு ஒவ்வொரு நாளும் வாசலப் பாத்துக்கிட்டிருந்தேன். வரவே இல்ல. நீ குத்தத்த ஒத்துக்கிட்டன்னாங்க. நீ யாருகிட்டயும் சொல்லலன்னு தெரிஞ்சுது. எனக்கு அப்பவும் உன்மேல கோவம்தான் வந்துச்சு. உன்னப் பாத்தா அந்தக் கேள்விய நான்தான் கேட்டேன்னு ஞாபகம் வரும், அதுக்குத்தான் பாக்கல. கொலகாரன்னு ஊரு சொன்னப்ப நானும் சேந்து சொன்னேன். பாதிக் குத்தத்த என்கிட்ட வெச்சுக்கிட்டே சொன்னேன்.

ஆபீசர் படிச்சாலும் படிக்கட்டும். இத நான் இதுக்கு முன்னால எந்தத் தாள்லயும் எழுதல, யாருகிட்டயும் சொல்லல.

கலையரசி


காலாப்பட்டு
13-8-2025

அக்கா,

இங்கே கடிதங்களைப் படிக்கிற அதிகாரி எல்லாக் கடிதத்தையும் கிளிப் போட்டுத்தான் கொடுப்பார். உன்னுடையதை மட்டும் மடித்து ஒட்டிக் கொடுத்தார்.

ஆமா, நீதான் கூப்ட்ட. பாக்கெட்டுலேந்து எடுத்துப் பாத்தேன், அக்கான்னு இருந்துச்சு. காதுல வெச்சேன். மாமா பின்னாலேந்து என் தோளத் தட்டி, "டேய், ஓரமா நிறுத்திட்டுப் பேசுடா"ன்னாரு. நான் நிறுத்தல. கன்னியக்கோயில் தாண்டிட்டோம், பத்து நிமிஷத்துல வந்துடுவோம்னு உங்கிட்ட சொல்லப் போனேன். நிறுத்தியிருந்தா ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மெக்கானிக்கு ஒரு நிமிஷம் இருந்திருப்பான்.

மூணு வருஷமா நான் ஒளிச்சு வெச்சது நீ கூப்ட்டத இல்லக்கா. மாமா நிறுத்தச் சொன்னத. வழக்கு நடத்தலாம், அபராதத்தோட விடுவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. நடத்துனா போன் லிஸ்ட் வெளிய வரும், உன்னக் கூண்டுல ஏத்துவாங்கன்னு ஒத்துக்கிட்டேன். உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்னு சொன்னா நான் நல்லவனாயிடுவேன். பாதிதான் அது. மிச்சப் பாதி, மாமா சொன்னத நின்னு என் வாயால சொல்லத் தைரியம் இல்ல.

கூப்பிடறவங்களுக்கு எதிராளி எங்க இருக்கான்னு தெரியாது. எடுக்கறவனுக்குத்தான் தெரியும். நீ பாதின்னு எழுதியிருக்க. உன்கிட்ட எதுவும் இல்லக்கா. இதப் படிச்சப்புறம் நீ எனக்கு எழுத மாட்டன்னு தெரிஞ்சேதான் எழுதறேன். எழுதாம இருந்தா நீ சாகற வரைக்கும் அதத் தூக்கிக்கிட்டுத் திரிவ.

கறுப்பையே வாங்கு.

பரிதி


காலாப்பட்டு
24-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை.

மாமாவின் நினைவு நாள் அன்று இங்கே ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன் வாங்கியிருந்தால், முதல் மாதத்தில் ஏதாவது கோளாறு தெரிந்தால் உடனே கடைக்குக் கொண்டுபோ. பில்லைப் பத்திரமாக வை. தாமதித்தால் மாற்றித் தர மாட்டார்கள்.

இளம்பரிதி


வைத்திக்குப்பம்
30-10-2025

அன்புள்ள தம்பி பரிதிக்கு,

பில்லு அரிசி டப்பாவுல இருக்கு. கோளாறு ஒண்ணும் இல்ல. கறுப்புதான் வாங்குனேன், ஆடி கடைசி வெள்ளி, ஆயிரத்து நூறு கொறச்சுக் குடுத்தாங்க. அதுமேல இதுவரைக்கும் எறால் தண்ணி கொட்டியிருக்கு, நண்டு ஏறிப் போயிருக்கு, ஒருதடவ ஐஸ் பொட்டிக்குள்ளயே வெச்சு மூடிட்டேன். ஓடுது. துணியால தொடைக்கச் சொன்னியே, அத மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் மறந்துடறேன்.

உன் ஆகஸ்ட் மாசத்து லெட்டரப் படிச்ச அன்னிக்கு அதக் கிழிச்சு அடுப்புல போடத்தான் கையில எடுத்தேன். அவரு நிறுத்தச் சொல்லியும் நீ நிறுத்தலங்கறது எனக்குத் தாங்கல. அதுக்கு பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆச்சு. நீ அத எழுதாம விட்டிருக்கலாம், நான் உன்ன நம்பிக்கிட்டே இருந்திருப்பேன். அதையும் நெனச்சுப் பாத்தேன்.

அப்புறம் அந்த ஒரு வரிய மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். அவரு கடைசியா என்ன பேசுனாருன்னு எனக்குத் தெரியாது பரிதி. காலையில கெளம்பறப்ப நான் கொழம்புல கையா இருந்தேன், திரும்பிக்கூட பாக்கல. அவரு வாயிலேந்து கடைசியா வந்தது என்னன்னு மூணு வருஷமா நானா ஒவ்வொண்ணா நெனச்சுக்குவேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. கோவமாச் சொன்னாரா, அவரு எப்பவும் சொல்லுவாரே, சிரிப்ப அடக்கிக்கிட்டு, அந்த மாதிரி சொன்னாரா? லெட்டர்ல எழுதாத. நேர்ல சொல்லு.

சுடர்விழிகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் வாயால சொல்ல வரலன்னு உன் லெட்டரயும் படிக்கக் குடுத்துட்டேன். பொட்டிய எடுத்துக்கிட்டு, பேசாமலேயே காரைக்காலுக்குப் போயிட்டா. நான் பஸ்ஸ்டாண்டுல நின்னேன், ஜன்னல் பக்கம் உக்காந்தும் திரும்பல. போயி சேந்துட்டேன்னு ஒரு வரி வாட்ஸப்புல வந்துச்சு. நினைவு நாளுக்கும் வரல. நான் ஒருத்தியே படைச்சேன்.

காலையில குரூப்புல போட்டோ போடறேன், பதில் எழுதறேன், எல்லாம் பழகிடுச்சு. அவ பேர மட்டும் தெனம் எடுத்துப் பாத்துட்டு வெச்சிடுவேன். ஒம்போது நாள் பாத்தேன். பத்தாவது நாள் மத்தியானம் சோத்தப் போட்டு உக்காந்தேன். தட்டத் தள்ளி வெச்சுட்டு அழுத்திட்டேன். அது அடிக்குது அடிக்குது. எடுத்தா. ஹலோன்னுகூட சொல்லல. "நான் வண்டில இல்லம்மா, ரூம்லதான் இருக்கேன், பேசு"ன்னா.

நான் எங்க பேசறது. ரெண்டு பேரும் போனக் காதுல வெச்சுக்கிட்டே இருந்தோம். ஹாஸ்டல்ல தட்டு கழுவற சத்தம்கூட நல்லாக் கேட்டுது. நீ சொன்ன மாதிரி சத்தத்துக்கு நல்ல போனுதான். அப்புறம் அவதான் கேட்டா, பரிதி மாமா எப்பம்மா வர்றாருன்னு. தேதியச் சொன்னேன். தீபாவளிக்கு வந்திருந்தப்பவும் அதையேதான் கேட்டா. இப்ப தெனம் சாயங்காலம் நான் கூப்புடறேன். எடுத்ததும் வண்டில இல்லம்மான்னு சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிக்கறா.

சென்னைக்குப் போறது வேல விஷயம், அத நான் வேணாங்கல. பொங்கல் கழிச்சுப் போயிக்கலாம். அந்த இராமதாஸுக்கு அப்பிடி எழுதிப் போட்டுடு. எட்டாம் தேதி சனிக்கிழமை காலையில நான் ஜெயில் வாசலுக்கு வந்துடுவேன். சுடர்விழி வெள்ளிக்கிழமை ராத்திரியே வீட்டுக்கு வர்றா. அவ உங்கிட்ட நல்லாப் பேசுவாளான்னு எனக்குத் தெரியாது. திட்டுனாலும் கேட்டுக்க. எனக்கும் திட்டறதுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

மறுநாள் ஞாயித்துக்கெழம. ஏவாரத்துல பாதி எனக்கு அந்த ஒரு நாள்லதான். ஒம்போதாம் தேதி மீன் கிடையாதுன்னு குரூப்புல இன்னிக்கே போட்டுட்டேன். நாப்பத்திரண்டு வீடும் ஏன் ஏன்னு கேட்டு எழுதுது. ராஜாம்பாள் அம்மா ஒடம்பு சரியில்லையான்னு கேட்டு போனே போட்டுட்டாங்க. எல்லாருக்கும் சேத்து ஒரே பதிலா எழுதிட்டேன், என் தம்பி வர்றான், அன்னிக்கு எடுக்கற வஞ்சிரம் எங்க வீட்டுக்குன்னு.

உன் அக்கா,
கலையரசி